வட்டி ஏறோணும்னு ஒரு வேண்டுதல்

சாவி எங்க ஊட்டுல தான் இருக்குதுங்க. வாட்ச்மேன் சரியாத்தான் சொல்லியிருக்கான். எங்க ஊட்டுக்காரரு இருந்தா அவரே வந்து காட்டியிருப்பாரு. பொழுதோட, அஞ்சு மணிக்கு வெளிய போனவரு இன்னும் வரலை, வர்ற நேரந்தான். நான் காட்டறேன், வாங்க கண்ணு. ரெண்டாவது மாடி. லிஃப்ட்டுலயே போயிரலாம், புது லிஃப்ட்டுங்க, ஏறுனதும் தெரியாது எறங்குனதும் தெரியாது. இது வந்த கதையைக் கேட்டீங்கன்னா நீங்க ஊடு பாக்க மாட்டீங்க, என்னையத்தான் பாத்துட்டு நிப்பீங்க.

இந்தா, இதுதான் ஹாலு. பகல்ல நல்ல வெளிச்சம். சன்னலைத் தொறந்தீங்கன்னா மருதமலை தெரியும். சமையக்கட்டு அந்தப் பக்கம். குழாய்ல நல்ல தண்ணி, உப்புத் தண்ணி ரெண்டும் வரும். வடவள்ளியில இந்த வாடகைக்கு இப்படி ஊடு கெடைக்காதுங்க.

ஊட்டுக்குச் சொந்தக்காரங்க ஏன் காலி பண்ணீட்டாங்கன்னா கேட்டீங்க? வந்து பாக்கறவங்க எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. தண்ணிப் பிரச்சினை கெடையாது. அக்கம்பக்கத்துல சத்தம் கித்தம் கெடையாது. நான்தான் காலி பண்ண வெச்சனுங்க.

சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். உக்காருங்க, அந்தச் சன்னல் திண்டு மேலயே உக்காரலாம், நேத்துத்தான் தொடைச்சு விட்டாங்க.

எங்க ஊட்டுக்காரரு பேரு சென்னியப்பன். கூட்டுறவுச் சங்கத்துல கணக்கு எழுதி ரிட்டயர் ஆனவரு. இந்த அபார்ட்மென்ட்டுக்கு நாங்க குடி வந்த காலத்துல இருந்து அசோசியேசனுக்கு அவருதான் பொருளாளரு. இருபத்துநாலு ஊடுங்க. குடி வந்தப்பவே ஆளுக்கு இவ்வளவுன்னு பொதுவுல ஒரு பணம் போட்டோம். நாளைக்கு லிஃப்ட்டு மாத்தோணும், பெயிண்ட் அடிக்கோணும், மோட்டார் போச்சுன்னா வாங்கோணும், அதுக்குத்தான். அதை அவரு பேங்குல டெபாசிட் போட்டு, வட்டி வந்தா வட்டியையும் சேத்து மறுபடியும் போட்டு, இருபத்தெட்டு லட்சம் ஆக்கி வெச்சிருந்தாருங்க. அசோசியேசன் காசுல ஒரு டீ குடிச்சிருப்பாரா? பேங்குக்குப் போற பஸ் செலவு கூட சொந்தக் காசு.

இந்த ஊட்டுக்குச் சொந்தக்காரன் கிருபாகரன், அப்ப இங்கதான் குடியிருந்தான். பம்பு கம்பெனியில நல்ல வேலை. நாப்பது வயசு இருக்கும். பொண்டாட்டி வசுமதி, ஒரு பொண்ணு. வந்த நாள்ல இருந்து அங்கிள், ஆன்ட்டின்னு ஒட்டிக்கிட்டான். என்ற பையன் பெங்களூருல இருக்கறானுங்க, வருசத்துக்கு ரெண்டு தடவை வந்தா எச்சு. அதனால எங்க ஊட்டுக்காரருக்கு இவன் மேல ஒரு பாசம். கரண்ட் பில்லை ஃபோன்லயே கட்டறதுக்கு இவன்தான் அவருக்குச் சொல்லிக் குடுத்தான். இருக்கறதை இருக்குன்னு சொல்லோணுமுங்கல்ல.

அப்ப கொரோனா முடிஞ்ச சமயம். பேங்குல வட்டி அஞ்சுக்கு எறங்கிருச்சு. சேர் மார்க்கெட்டு மட்டும் நாளுக்கு நாள் ஏறுது. பால் ஊத்தற பையன் கூட கேனைக் கீழ வெச்சுட்டு ஃபோன்ல சேர் பாத்துட்டிருந்த காலமுங்க. அந்த வருசம் பொதுக்குழு கீழ மீட்டிங் ஹால்ல நடந்துச்சு. கேசரியும் போண்டாவும் நான்தான் செஞ்சு எடுத்துட்டுப் போனேன், எப்பவும் நான்தான் செய்வேன். எங்க ஊட்டுக்காரரு வரவு செலவு வாசிச்சு முடிச்சாரு. இவன் எந்திரிச்சு, அங்க இருக்கற டிவியில ஒரு படம் போட்டான். ரெண்டு கோடு. பச்சைக் கோடு மேல மேல போகுது. செவப்புக் கோடு தரையோட தரையாக் கெடக்குது.

செவப்புக் கோடு எங்க ஊட்டுக்காரருங்க.

"அங்கிள் மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா பணத்தைத் தூங்க வெச்சுட்டாரு. இந்தப் பணம் மார்க்கெட்டுல இருந்திருந்தா இன்னைக்கு இவ்வளவு. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இருக்கற எடைவெளி இருக்கே, அது நம்ம அசோசியேசனுக்கு வந்த நஷ்டம்" அப்படீன்னான்.

நஷ்டம்னான் கண்ணு. பத்து வருசம் ஓசியில வேலை பாத்த மனுசனை, இருபத்துநாலு ஊட்டுக்காரங்க முன்னால, அவரு பொண்டாட்டி கேசரித் தட்டைக் கையில வெச்சுட்டு நிக்கறப்ப, நஷ்டம்னான். பின்னால யாரோ சிரிச்சாங்க. அப்பறம் எல்லாரும் சிரிச்சாங்க. எங்க ஊட்டுக்காரரும் சிரிச்சாருங்க. அதுதான் எனக்குப் பொறுக்கலை. அவரு சிரிச்சுட்டே, "தம்பியே பாக்கட்டும், எனக்கும் வயசாச்சு"ன்னு செக் புக்கை எடுத்து மேசை மேல வெச்சாரு. கை தட்டுனாங்க. அவருக்கா தட்டுனாங்க, இவனுக்கா தட்டுனாங்கன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியலை.

ஊட்டுக்கு வந்து, "உங்களை அப்படிச் சொல்லிட்டான், பல்லைக் காட்டிட்டு வர்றீங்களே"ன்னேன்.

"கணக்கைத்தானே சொன்னான், துளசி. நான் பயந்து பயந்தே வெச்சிருந்துட்டேன். அவன் சொல்றதுல நாயம் இருக்குது"ன்னாரு.

பேரு சொல்லலை பாருங்க, என்ற பேரு துளசிமணி.

மக்யா நாள், அடுத்த நாளே காத்தால அவன் ஸ்வீட் பாக்ஸோட வாசல்ல நிக்கறான். "அங்கிள், நஷ்டம்ங்கற வார்த்தையை நான் சொல்லியிருக்கக் கூடாது. ராத்திரி பூரா தூக்கம் வரலை. மன்னிச்சுக்குங்க." எங்க ஊட்டுக்காரரு அவனைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. நான் சமையக்கட்டை விட்டு வெளியவே வரலை. அத்தனை பேர் முன்னால சொன்னவன், தனியா வந்து மன்னிப்புக் கேட்டா ஆச்சுங்களா? அந்த ஸ்வீட்டை அப்படியே கொண்டு போய் வாட்ச்மேனுக்குக் குடுத்துட்டேன். இவன் கீழ விழோணும், அதுவும் அதே ஹால்ல, அதே சனங்க முன்னால விழோணும்னு அன்னைக்கு முடிவு பண்ணுனேன். கம்முனு இருந்துட்டேன். எனக்குக் கோபம் வந்தா நான் கத்த மாட்டனுங்க. கம்முனு இருப்பேன். எங்க ஆத்தாளும் அப்படித்தான்.

இவன் பணத்தை எடுத்து முக்கால்வாசியை சேர் வாங்கற மியூச்சுவல் ஃபண்டுல போட்டான். மீதியை அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கற ஃபண்டுல போட்டான். "இது கண்டிப்பா பத்திரம் ஆன்ட்டி, கவர்மென்ட் பத்திரம்"னு என்கிட்டயே வந்து சொன்னான். மாசா மாசம் வாட்சப் குரூப்புல எவ்வளவு ஏறிச்சுன்னு போடுவான். கீழ பூரா கும்பிடு, பூங்கொத்து, தூக்கிக் காட்டுன கட்டை விரலு. மொதல் மூணு மாசம் ஏறத்தான் செஞ்சுது. நான் ஒவ்வொரு தடவையும் பாப்பேன், ஃபோனைக் கவுத்து வெச்சுருவேன்.

இதுல என்னன்னா, எங்க ஊட்டுக்காரரே பொழுதோட மொட்டை மாடிக்கு அவன்கூட உக்காரப் போக ஆரம்பிச்சுட்டாரு. என்ன ஃபண்டு, அதுல என்னென்ன கம்பெனி, ஏன் ஏறுது, ஏன் எறங்குதுன்னு பள்ளிக்கூடத்துப் பையனாட்டம் கேட்டுட்டு வருவாரு. சாப்படறப்ப என்கிட்ட ஒப்பிப்பாரு. பையன் வயசுக்காரன்கிட்டப் போயிக் கைகட்டிப் பாடம் கேக்கறாரேன்னு எனக்கு வயிறு எரியும். அவருக்கு ரோசம் இல்லைன்னா, அவருக்கும் சேத்து நான்தானுங்க ரோசப்படோணும்?

அப்பறம் எங்கியோ சண்டை வந்துச்சு. பெட்ரோல் வெலை ஏறுச்சு, எண்ணெய் வெலை ஏறுச்சு. வெளிநாட்டுக்காரன் சேரை வித்துட்டுப் போறான்னு டிவியில சொன்னாங்க. ரிசர்வ் பேங்கு வட்டியை ஏத்துமா ஏத்தாதான்னு நாலு பேரு கோட் போட்டுட்டு உக்காந்து பேசிட்டே இருந்தாங்க. நான் பத்தாவதுங்க, எனக்கென்ன தெரியும்? சோறு போடறப்ப அவருகிட்டயே கேட்டேன். "ஏனுங்க, வட்டி ஏறுனா நம்ம அசோசியேசன் பணத்துக்கு நல்லதுதானுங்க?"

"அதுதான் இல்லை. வட்டி ஏறுனா கம்பெனிக்காரன் கடனுக்கு எச்சாக் கட்டோணும், லாபம் கொறையும், சேர் எறங்கும்"னாரு.

"சேரு போனாப் போகுது. கவர்மென்ட் பத்திரம் இருக்குதல்லங்க?"

"அதுவும் எறங்கும் துளசி. இப்பக் கையில இருக்கற பத்திரம் ஆறு வட்டி குடுக்குதுன்னு வெச்சுக்கோ. நாளைக்குப் புதுசா ஏழரை வட்டியில பத்திரம் வந்துச்சுன்னா, ஆறு வட்டிப் பத்திரத்தை எவன் முழு வெலைக்கு வாங்குவான்? கொறைச்சுக் கேப்பான். நாம விக்காம வெச்சிருந்தா பயமில்லை, போகப் போகச் சரியாயிரும். அவசரப்பட்டு வித்தாத்தான் கை நட்டம்."

அவரு பாட்டுக்கு ரசத்தை ஊத்திட்டே சொன்னாரு. எனக்குள்ள பளிச்சுன்னு ஒண்ணு எரிஞ்சுது பாருங்க. அப்ப வட்டி ஏறுனா ரெண்டு பக்கமும் அடி. சேரும் எறங்கும், பத்திரமும் எறங்கும். இவனுக்குத் தப்பிக்க வழியே இல்லை.

அடுத்த கிருத்திகைக்கு மருதமலைக்குப் போனேன். பூசை நடக்கறப்ப எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு என்னென்னமோ கேட்டிருப்பாங்க. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். முருகா, வட்டி ஏறோணும். ஏறுச்சுன்னா படியேறி வந்து அபிசேகத்துக்குப் பாலு வாங்கிக் குடுக்கறேன்.

சாமி கேட்டுருச்சுங்க. பீன்ஸ் அரிஞ்சுட்டு உக்காந்திருக்கறேன், டிவியில திடீர்னு சொல்றாங்க, வட்டியை ஏத்தீட்டாங்கன்னு. அன்னைக்கு ஏத்துவாங்கன்னு கோட் போட்டவன் ஒருத்தனுக்கும் தெரியலை. கீழ செவப்புல ஓடுது, எல்லாச் சேரும் எறக்கம். கத்தியைக் கீழ வெச்சுட்டுக் கையெடுத்துக் கும்புட்டேன். முழங்கால் வலியோட படியேறிப் போயிப் பாலு குடுத்துட்டு வந்தேன். அடுத்த மாசம் மறுபடியும் ஏத்துனாங்க. மறுபடியும் ஏறுனேன். டாக்டர் படியே ஏறக் கூடாதுன்னு சொல்லியிருந்தாருங்க.

நடுவுல என்ற பையன் ஃபோன் பண்ணுனான். "அம்மா, ஊட்டுக் கடனுக்கு வட்டி ஏத்தீட்டாங்கம்மா. மாசத் தவணையைக் கூட்டலைன்னா இன்னும் அஞ்சு வருசம் எச்சாக் கட்டோணுமாமா. எனக்கு அறுபது வயசு தாண்டிருமாட்ட இருக்குது." ரொம்ப வெசனமாப் பேசுனான். "அதுக்கென்ன கண்ணு, சம்பாதிக்கற வயசு, கட்டிக்கலாம்"னு சொன்னேன். அது வேற விசயமுங்க. இதையும் அதையும் கொழப்பிக்கப் படாது.

இந்தச் சமயத்துல வாட்சப்புல கணக்கு வர்றது நின்னு போச்சு. நானே கேட்டேன், குரூப்புல, எல்லாரும் பாக்கற மாதிரி: "கிருபாகரன் அவர்களே, இந்த மாதக் கணக்கு எங்கே?" அப்பறந்தான் போட்டான். இருபத்தெட்டு, இருபத்திரண்டரை ஆயிருந்துச்சு. கீழயே எழுதியிருந்தான், "இது தற்காலிகம். மூணு வருசமாவது வைக்கோணும்னு ஆரம்பத்துலயே பேசுனோம். யாரும் பயப்பட வேண்டாம்."

யாரும் பயப்படலைன்னா நான் விடுவனுங்களா? காத்தால ஒரு ஊடு, பொழுதோட ஒரு ஊடு. கருவேப்பிலை வேணுமான்னு போவேன், முருங்கைக்காய் வந்திருக்குன்னு போவேன். உக்காந்து மெதுவா ஆரம்பிப்பேன். "அஞ்சரை லட்சம் போச்சாமுங்க. இன்னும் வட்டி ஏறுமாமா. ஏறுனா மீதியும் போயிருமாமா." எங்க ஊட்டுக்காரரு சொன்ன ஆறு வட்டி, ஏழரை வட்டிக் கணக்கையே சொல்லுவேன். நம்பாம இருப்பாங்களா, சென்னியப்பன் பொண்டாட்டி சொல்றா. அவரு சொன்ன கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுருவேன். அதை எதுக்குங்க சொல்லிட்டு?

அதுக்குத் தோதா பழைய லிஃப்ட்டு நின்னு போச்சு. வந்து பாத்தவன் இனி ரிப்பேர் ஆகாது, புதுசுதான் போடோணும்னுட்டான். மேல் மாடிக்காரங்க மூச்சு வாங்கிட்டுப் படியேறி எறங்குனாங்க. நாலே நாள்ல அவசரக் கூட்டம் போட வெச்சுட்டேன்.

அதே ஹாலு. கேசரி இல்லை அன்னைக்கு. தலைவரு கோதண்டராமன், காலேஜ்ல வாத்தியாரா இருந்தவரு, பேசறதுக்கு முன்னால மூணு தடவை தொண்டையைச் செருமுவாரு. அவரு செருமி முடிக்கறதுக்குள்ள நான் எந்திரிச்சுட்டேன். "லிஃப்ட்டுக்குப் பணம் வேணும். பணம் எங்க?"

கிருபாகரன் எந்திரிச்சான். மூஞ்சி வெளுத்திருந்துச்சு. "ஆன்ட்டி, பணம் எங்கயும் போகலை. வெலைதான் எறங்கியிருக்கு. இப்ப வித்தாத்தான் இது நஷ்டம். லிஃப்ட்டுக்கு மட்டும் வேணுங்கறதை எடுத்துக்கலாம், பத்தலைன்னா நான் கையில இருந்து முன்பணமாப் போடறேன். மீதியை மட்டும் தொட வேண்டாம். தயவு செஞ்சு."

"பத்து வருசம் எங்க ஊட்டுக்காரரு வெச்சிருந்தப்ப ஒரு ரூவா கொறைஞ்சுதா? சொல்லு தம்பி. கொறைஞ்சுதா? இப்ப ஒரே வருசத்துல அஞ்சரை லட்சம். இதுக்கு என்ன பேரு? நீயே சொல்லு, உன்ற வாயால சொல்லு."

அவன் தலையைக் குனிஞ்சுட்டான். ஆகா, அந்த நிமிசம் இருக்குது பாருங்க! அதுக்குத்தானே நான் அத்தனை படி ஏறுனது.

அப்ப எங்க ஊட்டுக்காரரு எந்திரிச்சாருங்க. எனக்குத் துணையாப் பேசப் போறாருன்னு நெனைச்சேன். "தம்பி சொல்றதுதான் சரி. இப்ப எடுக்கக் கூடாது. வட்டி ஏறுனா ஒரு நாள் எறங்கும். மார்க்கெட்டு எறங்குனா ஒரு நாள் ஏறும். நாம எல்லாரும் சேந்து கை தட்டித்தான் இதுல போட்டோம். எறங்குனப்ப அவனை மட்டும் தனியா நிறுத்தறது தர்மம் இல்லை"ன்னாரு.

சனங்க யோசிக்க ஆரம்பிச்சுட்டாங்க. விட்டா எல்லாம் கவுந்துரும். நான் சொன்னேன், "இவரு இப்படித்தானுங்க. இவரு தலையில மொளகாய் அரைச்சாக்கூட நல்லா அரைங்கம்பாரு. இவரு பேச்சைக் கேட்டா நாம எல்லாரும் படியிலயே ஏறிட்டுக் கெடக்கோணும்." எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்பாடான்னு இருந்துச்சு. வித்தறலாம்ங்கறவங்க கை தூக்குங்கன்னாரு தலைவரு. எல்லாக் கையும் மேல போச்சு. கிருபாகரனை விட்டா எங்க ஊட்டுக்காரரு மட்டுந்தான் தூக்கலை. அவரு கை மடியிலயே இருந்துச்சு.

"நாளைக்கு விக்கறேன்"னான் கிருபாகரன்.

"நாளைக்கு எதுக்கு? இங்கயே, எங்க கண்ணு முன்னால"ன்னேன்.

லேப்டாப்பை எடுத்துட்டு வந்து மேசை மேல வெச்சான். அதே டிவியில மாட்டச் சொன்னேன், எல்லாருக்கும் தெரியோணுமில்லைங்க. ஃபோனுக்கு ஏதோ நம்பர் வந்துச்சு, அதைத் தப்பாப் போட்டான், மறுபடியும் வந்துச்சு, மறுபடியும் தப்பு. எங்க ஊட்டுக்காரரு எந்திரிச்சுப் போயி அவன் பக்கத்துல நின்னு, ஃபோனைத் தூரமாப் புடிச்சு நம்பரை ஒண்ணொண்ணா வாசிச்சாரு. அவன் போட்டான். வித்தாச்சு.

அதோட விட்டனா? "அசலுக்குக் கொறைஞ்சது யாரு பொறுப்பு?"ன்னு கேட்டேன். தலைவரு செருமுனாரு. "அப்படி ரூல் ஒண்ணும் இல்லீங்களேம்மா." நான், "ரூல் இல்லாட்டிப் போகுது. மானம் இருக்குதான்னு பாப்போம்"னேன்.

"நான் குடுத்தறேன் ஆன்ட்டி"ன்னான். அவ்வளவுதான்.

அடுத்த நாள் வசுமதி வந்தா. பொண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு நேரா எங்க ஊட்டுக்கு. காபி குடுத்தேன், என்ற ஊட்டுக்கு வந்தவளுக்குக் காபி குடுக்காம இருக்க மாட்டேன். டம்ளரைக் கையில வெச்சுட்டே இருந்தா, குடிக்கலை.

"ஆன்ட்டி, அவரு அந்தப் பணத்துல ஒரு ரூவா எடுக்கலை. உங்களுக்கே தெரியும்."

"எடுத்தான்னு யாரு சொன்னா?"

"அப்பறம் எதுக்கு ஆன்ட்டி நாங்க குடுக்கோணும்? காரை விக்கோணும். அதுவும் பத்தாது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எல்லாரும் கேப்பாங்க. ஒரு வருசம் டைமாவது குடுக்கச் சொல்லுங்க."

"அன்னைக்கு உன்ற ஊட்டுக்காரரு எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு வருசம் டைம் குடுத்துட்டுத்தான் நஷ்டம்னு சொன்னாரா?"

அவளுக்குப் புரியவே இல்லை. "ஆன்ட்டி, அதுக்குத்தான் அவரு அடுத்த நாளே வந்து மன்னிப்புக் கேட்டாரே. அங்கிள் அதை மறந்தே போயிட்டாரே"ன்னா.

"அங்கிள் மறப்பாரு. அங்கிளோட பொண்டாட்டி மறக்க மாட்டா"ன்னேன். டம்ளரை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. எங்க ஊட்டுக்காரரு உள் ரூம்ல இருந்தாருங்க. எல்லாத்தையும் கேட்டிருப்பாரு. கேக்கட்டுமேன்னுதான் நானும் சத்தமாப் பேசுனேன். அவருக்காகத்தானே இத்தனையும்.

காரு போச்சு. அந்த வருசக் கடைசியில ஊட்டைக் காலி பண்ணீட்டு எங்கியோ சின்ன ஊட்டுக்கு வாடகைக்குப் போயிட்டாங்க. மேல இருந்து சாமான் எறக்குனதெல்லாம் இந்தப் புது லிஃப்ட்டுலதான். வாடகைக்கு விடுங்கன்னு சாவியைக் கொண்டாந்து எங்க ஊட்டுக்காரரு கையில குடுத்தான், நடுவுல ஒரு குடும்பம் இருந்துட்டுப் போச்சு. இத்தனை ஊடு இருக்குது, இத்தனை பேரு இருக்கறாங்க, எங்ககிட்டத்தான் குடுத்தான் பாருங்க. பயம்.

அப்பறம் சேர் மார்க்கெட்டு ஏறுச்சுங்க. சொல்லக் கூடாதுன்னு இல்லை, ஏறுச்சு. வட்டியை ஏத்தறதை நிறுத்துனாங்க, அப்பறம் எறக்கக்கூட ஆரம்பிச்சாங்க. நாம வித்த அதே ஃபண்டு ரெண்டு மடங்குக்குக் கிட்ட வந்துருச்சுன்னு கோதண்டராமன் கணக்குப் போட்டுச் சொன்னாரு. "அன்னைக்கு சென்னியப்பன் பேச்சைக் கேட்டிருக்கலாமுங்கம்மா"ன்னு என்கிட்டயே வந்து சொல்றாரு. கை தூக்குனது யாரு, அவரு கையுந்தானே? இப்ப அபார்ட்மென்ட்டுல எல்லாருமே, துளசிமணியம்மா தான் விக்கச் சொன்னாங்கன்னு ஆரம்பிச்சுட்டாங்க. பேசட்டும். பணம் இப்ப டெபாசிட்டுல பத்திரமாக் கெடக்குது. ஏழு வட்டி. ராத்திரியில தூக்கம் வருதுங்கல்ல.

எனக்கு வருதுங்க. எங்க ஊட்டுக்காரருக்குத்தான் வர்றதில்லை. அந்தக் கூட்டம் முடிஞ்ச அன்னைக்கு, மனசு நெறைஞ்சு போயிப் பாயசம் வெச்சேன். அவரு டம்ளரைத் தள்ளி வெச்சுட்டு, "எனக்காகன்னு மட்டும் சொல்லிறாத"ன்னாரு. சண்டை போடலை. தங்கமான மனுசன், எனக்கு வாழ்க்கையில ஒரு கொறையும் வெச்சதில்லை. மறுபடியும் பொருளாளரா இருங்கன்னு எல்லாரும் கேட்டாங்க, மாட்டேன்னுட்டாரு. பொழுதோட செருப்பைப் போட்டுட்டுக் கெளம்பிருவாரு. எங்கன்னு நான் கேக்கறதில்லை. வசுமதி பண்ணற வெந்தயக் கொழம்பு வாசம் எனக்குத் தெரியாதுங்களா? சட்டையிலயே வருது. அந்தப் புள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கறாராமா, வாட்ச்மேன் சொன்னான். சொல்லிக் குடுக்கட்டும். ரெண்டு எழுத்துத் தெரிஞ்ச மனுசன்.

ஆனா ஒண்ணு சொல்றேன், என்ற மேல அவருக்கு இப்பத்தான் மரியாதையே வந்திருக்குதுங்க. முன்னெல்லாம் துளசி, வா, போ, அதை எடு, இதைக் குடு, அப்படித்தான் பேசுவாரு. எங்க பக்கத்துல எல்லா ஆம்பளைகளும் அப்படித்தானுங்களே. அன்னைக்கு டம்ளரைத் தள்ளி வெச்சாரு பாருங்க, அதுக்கு மக்யா நாள்ல இருந்து சுத்தமா மாறிப் போயிட்டாரு.

ஓ, லிஃப்ட்டு கதவு சத்தம். அவருதான். ஏனுங்க, இங்க இருக்கறனுங்க, ஊடு பாக்க வந்திருக்கறாங்க!

"வாங்கம்மா, வணக்கம். ரொம்ப நேரம் காக்க வெச்சுட்டனுங்களா? நான் மிச்சத்தைக் காட்டிடறேன். துளசிமணி அவங்களே, சாவியை இப்படிக் குடுத்துட்டு நீங்க கீழ போங்க. நேரமாச்சு. நீங்க சாப்பிட்டுருங்க, எனக்குக் காத்திருக்க வேண்டாம்."

கேட்டீங்களா கண்ணு? அவங்க, நீங்க, போங்க, சாப்பிடுங்க. மூணு வருசமா ஒரு நாளு, ஒரு வார்த்தை, மரியாதை கொறைஞ்சதில்லைங்க. காய்ச்சல்ல கெடந்தப்பக்கூட, மாத்திரை போட்டீங்களான்னுதான் கேட்டாரு. இந்த அபார்ட்மென்ட்டுல வேற எந்தப் பொம்பளைக்கு அவ ஊட்டுக்காரன் இப்படி மரியாதை குடுக்கறான், சொல்லுங்க பாக்கலாம்.

நீங்க பாத்துட்டு வாங்க. இந்த ஊட்டுக்கே வந்துருங்க கண்ணு, யோசிக்காதீங்க. வந்துட்டீங்கன்னா மத்தியானத்துல கீழ எங்க ஊட்டுக்கு வாங்க, பேசிட்டு இருக்கலாம். என்னைய நீங்க வா, போன்னே கூப்பிடலாம். சும்மா கூப்பிடுங்க.